இடது மூன்று, பாலம் தாண்டிக் குறுகும்

பாலா ஊர் விடுதி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள லோவ்ரிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா நலம், உன் காரும் நலம். இந்த மூன்றில் எது முதலில் பொய்யாகப் போகிறது என்பதுதான் இப்போதைய கவலை.

எழுத்து ஏன் இவ்வளவு பொடிசு என்று பெர்த்தில் உட்கார்ந்து நீ திட்டுவாய். காரணம் இருக்கிறது. அப்பா எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருக்கிறார். போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுவார். செய்தி அனுப்பினால் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துவிடுவார். இந்தப் பொடி எழுத்தை மட்டும் அவரால் படிக்க முடியாது. நான் சொல்ல வந்த விஷயமும் அதுதான்.

அப்பாவுக்குக் கண் சரியில்லை. எவ்வளவு சரியில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலைச்சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மற்ற புருஷன்மார்கள் கப்பலில் கூட்டிப்போகிறார்கள். உன் அப்பா, நீ கொட்டகையில் விட்டுப்போன சிவப்பு ஹாட்ச்பேக்கின் போர்வையை உருவிவிட்டு, "கிளம்பு மென்னா, நம்ம பழைய கார் ராலி ரோடெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். பார்த்தால் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கி வருகிற வண்டி மாதிரி இருக்கிறது. அழுத்தினால் என் வயிறு ஒரு மேட்டுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பந்தய இருக்கையைச் செய்தவன் என் இடுப்பைக் கனவிலும் கண்டதில்லை. உட்காரும்போது "ப்ளக்" என்று ஒரு சத்தம், எழும்போது இரண்டு.

கூடவே, பந்தய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அவருக்கு வளைவு படித்துச் சொன்ன மஞ்சள் குறிப்பேட்டையும் தேடி எடுக்கச் சொன்னார். எங்கள் மோட்டார் கிளப் விதிப்படி வளைவுகளை முன்கூட்டியே எழுதிவைக்கக் கூடாது. அதனால் எல்லோரும் ரகசியமாக எழுதிவைத்திருந்தோம். ஒன்று என்றால் மடங்கித் திரும்பும் வளைவு, ஆறு என்றால் பேருக்கு வளைவு. சின்ன வயதில் நம் வீட்டு மாடிப்படிக்கே நீ எண் வைத்திருந்தாயே! நேற்று முழுக்க அதைப் பார்த்து நான் சத்தமாகப் படித்தேன், அவர் ஓட்டினார். அச்சு அசலாக அந்தக் காலம் போலவே இருந்தது. இடது பக்கக் கண்ணாடி ஒரு கேட்டுத் தூணில் இடித்துச் சிதறும்வரை. "தூணை எவன் ரோட்டுல நட்டான்?" என்று கேட்டார். அந்தத் தூண் உன் தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது. பிறகு இடது ஓரத்தில் ஒரு ஆடு. நான் அலறிய பிறகுதான் பிரேக் போட்டார். "பாத்துட்டேன்டி, சும்மா கத்தாத" என்றார். பார்க்கவில்லை, லோவ்ரி. கத்தியது என் வாய், பார்த்தது அவர் காது.

"நீ ஓட்டேன்மா" என்பாய். காப்பீட்டில் என் பெயரையும் சேர்த்துவைத்த புண்ணியவதி நீ. ஆனால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தேவாலயச் சுவரைப் பின்பக்கமாகப் போய் நான் இடித்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. போதகர் அதை இரண்டு பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து சாவி அவர் கையில், குறிப்பேடு என் கையில்.

இதோ, வெண்ணெயை ரொட்டிக்கு இடது பக்கம் மேஜை விரிப்பில் தடவிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வெண்ணெய் மேடு ஏறப் போகிறோம். அவர் பால் டேங்கர் ஓட்டிய நாட்களில், மேலே போய்ச் சேர்வதற்குள் பால் வெண்ணெயாகிவிடும் என்று டிரைவர்கள் கேலி செய்த அதே மேடு. நான் நிறையக் கத்த வேண்டியிருக்கும். தொண்டைக்கு மிட்டாய் வாங்கியாயிற்று.

அன்புடன்,
அம்மா

*

ட்ரெகாரன்,
வியாழக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்

அன்புள்ள லோவ்ரிக்கு,

முதலில் இதைப் படி: இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இனி உட்கார்ந்து மீதியைப் படி.

நேற்று வெண்ணெய் மேட்டில் நல்ல வெயில். மழை இல்லாத நாளாகப் பார்த்து ஏறினோமே என்று நான் சந்தோஷப்பட்டேன், முட்டாள். உச்சியைத் தாண்டியதும் சூரியன் நேர் எதிரே வந்தது. சாலை கோடு போட்டது போல நேராகக் கிடந்தது, இருநூறு கஜத்துக்கு. குறிப்பேட்டுத் தாளில் "நேர், இருநூறு" என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் குறிப்பேட்டில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. என்றைக்கோ நான் தின்ற ஜாம் பணியாரம், முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து பழிவாங்கியது. நான் தலையைத் தூக்காமல் அடுத்த தாளைப் படித்தேன்: "இடது மூன்று, பாலம் தாண்டிக் குறுகும்!"

அப்பா இடது பக்கம் திருப்பினார்.

அங்கே வளைவும் இல்லை, பாலமும் இல்லை. கண் இருக்கிற எவனும் திருப்ப மாட்டான். என் பக்கச் சக்கரம் இரண்டும் புல்லில் ஏறின, நான் "எல்வின்!" என்று கத்தினேன், அவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றபோது என் ஜன்னலுக்கு வெளியே புல் இல்லை. கீழே, ரொம்பக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு பண்ணை வீடு தெரிந்தது. கொடியில் துணி காய்ந்தது. இவ்வளவு வெயிலில் அந்தப் புண்ணியவதிக்கு மத்தியானத்துக்குள் துணி காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மனுஷிக்கு என்ன நினைப்பு பார்.

"தப்பாப் படிச்சுட்டே" என்றார் அப்பா.

"ஆமா, தப்பாத்தான் படிச்சேன். ரோடு உனக்கு முன்னாடிதானே கிடக்கு? அதை நீ பாக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் இன்ஜினை அணைத்தார்.  "வெயில் எதிர்ல வந்தா எல்லாம் பாலாயிடுது மென்னா. வெள்ளையா, டேங்கருக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி" என்றார்.

அவர் பக்கமாகவே, கியர் குச்சியைத் தாண்டி, நான் வெளியே வந்தேன். அதை வர்ணிக்க மாட்டேன். கைக்குட்டைக்காக டேஷ்போர்டைத் துழாவியபோது, டோஃபி டப்பாவுக்கு அடியில் கண் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. கண்ணில் அழுத்தம், பக்கப் பார்வை சுருங்கிவிட்டது, இடது பக்கம் மோசம், போனது திரும்பாது, இனி வண்டி ஓட்டக் கூடாது, உரிம அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். தேதி போட்டு ஏழு வாரம் ஆகிறது. ஏழு வாரமாக அதை மறைத்து, இப்போது என் குரலைக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். குறிப்பேட்டைத் தேடச் சொன்னது கல்யாண நாள் ஆசையில் என்று நினைத்து, அழகாக வேறு உடுத்திக்கொண்டு வந்தேன்.

அங்கே போனுக்கு சிக்னல் ஏது? டெக்வின் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் நாலு சக்கர பைக்கில் வந்து, கயிறு கட்டிக் காரை ரோட்டுக்கு இழுத்தார். வேலை முடிந்ததும் அப்பாவை உற்றுப் பார்த்து, "அட, பால் டேங்கர் எல்வின்தானே நீ? எண்பத்தேழுல எங்கப்பா வேலியைப் பேத்துக்கிட்டுப் போயும் கப்பு ஜெயிச்சியே! உன்ன மாதிரி இந்த மேட்டுல எவன்யா ஓட்டினான்!" என்றார். அப்பாவின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். கை கார்க் கதவுக்குப் போனது. ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்கு.

இந்த ஆள் முன்னால் "உனக்குக் கண் தெரியாது, தள்ளு" என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கைவந்த கலை ஒன்றுதான். பொய். "டெக்வின், நீங்களே நியாயம் சொல்லுங்க. நாப்பதாவது கல்யாண நாளுக்கு இந்த மேட்டுலேர்ந்து நான்தான் ஓட்டுவேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். இப்ப பாருங்க, நைஸா நழுவறாரு" என்றேன். டெக்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடுத்துடுய்யா! நான் பைக்கை ஓரம் கட்டிக்கறேன், ஆடுங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்!"

அப்பா சாவியைக் கொடுத்தார். பிறகு பானெட்டின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே மறுபக்கம் சுற்றிப் போனார். டெக்வின் அதைப் பாசம் என்று நினைத்திருப்பார்.

மூன்று தடவை இன்ஜின் நின்றுபோனது. நாலாவது தடவை கிளம்பியது. நான் க்ளட்சை விட்ட வேகத்தில் உன் கார் குதித்துக் குதித்துப் போனது. குறிப்பேடு அப்பா மடியில் மூடியே கிடந்தது. ஆனால் முதல் வளைவுக்கு முன்பே அவர் வாயைத் திறந்தார். "வலது நாலு. கேட்டைத் தாண்டி இடது ரெண்டு, உள்ள ஒட்டாத, பள்ளம் இருக்கு." இருந்தது. முப்பது வருஷம் பால் ஏற்றிப்போன சாலை, அத்தனையும் அவர் தலைக்குள் இருக்கிறது. இரண்டு மைல் கீழே போனதும், மெதுவான குரலில், "இடது மூணு, பாலம் தாண்டிக் குறுகும்" என்றார். பாலம் வந்தது. குறுகியது. 

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. இன்று மத்தியானம் அவர் ஒரு பேரம் பேசினார். "சனிக்கிழமை ட்ரெகாரன் மலை ரோடு. அது மட்டும் நான் ஓட்டறேன். நீ படி. அப்புறம் நீ எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறேன்." கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று அவர் கேட்டு, நான் சரி என்று தலையாட்டிய அதே சாலை அது, நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அதனால்தான் கேட்கிறார். ஆனால் பதினான்கு மைல் ஒற்றைத் தடம், லோவ்ரி. ஆடு, நடக்கிறவர்கள், சைக்கிள்காரர்கள். "முடியாது" என்றேன். "பாக்கலாம்" என்றார். சாவியை நான் கொண்டுவந்திருக்கும் தேயிலை டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும், சொல். உன் பதில் வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அம்மா

*

வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லோவ்ரிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். உன் காருக்கு இடது கண்ணாடி மட்டும் புதிதாக வேண்டும்.

நேற்றுக் காலை விழித்தபோது கட்டிலோரம் தேநீர் இருந்தது. ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. நாற்பது வருஷமாகக் காலைத் தேநீர் போடுவது அவர்தான். சாவியை ஒளித்துவைக்க உலகத்தில் வேறு இடமே இல்லாதது போல் நான் தேர்ந்தெடுத்தது தேயிலை டப்பா!

கீழே உன் கார் உறுமியது. நைட்டியோடு, செருப்பில்லாமல், படிக்கட்டில் ஓடினேன். என் முட்டி இனி என்னோடு பேசாது. விடுதி முற்றத்தில் கார் நின்றது, இன்ஜின் ஓடியது, அப்பா பெல்ட் போட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கேட் அகலத் திறந்திருந்தது. கேட்டுக்கு இடது பக்கம் ஆறு சைக்கிள்காரர்கள் கொத்தாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி உன் வயசு.

வாசலிலேயே நின்றுவிட்டேன். கத்தலாம் என்றால் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் குரல் வரவில்லை. கார் அசையவில்லை. அவர் ஜன்னல் இறங்கியிருந்தது. என் மூச்சிரைப்பு கேட்டிருக்க வேண்டும்.

"மென்னா, கேட்டுத் தூண் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இடது பக்கம். கொஞ்சம் முன்னால. அது பக்கத்துல ஆறு பேர் சைக்கிளோட நிக்கிறாங்க" என்றேன்.

"ஆறு பேரா?" என்றார். அந்தப் பக்கம் திரும்பினார். தலையை நன்றாகத் திருப்பி, கோழி பார்ப்பது போல, ஒவ்வொருவராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு இன்ஜினை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். "போய் ஒரு உடுப்பை மாட்டிக்கிட்டு வா. ஊரே பாக்குது" என்றார்.

மலைச் சாலையை நான்தான் ஓட்டினேன். பதினான்கு மைலும் அவர் சொல்லச் சொல்ல. சாத்தான் படிக்கட்டு என்கிற செங்குத்துச் சரிவில், வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கும்போது, ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வளைவும் தப்பவில்லை. ஒரே ஒரு இடத்தில், "இங்க நிறுத்து" என்றார். நிறுத்தினேன். எந்த இடம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உனக்கு நாங்கள் அம்மா அப்பாதான், இருந்தாலும் சிலது எங்களுக்கு மட்டும்.

வந்ததும் உரிம அலுவலகத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று மட்டும் என் விரலை வைத்துக் காட்டினேன். இந்தக் கடிதமும் அதுவும் நாளைக்கு ஒரே தபால் பெட்டியில் விழும். காரை விற்கச் சொல்லாதே. வியாழக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான் ஓட்டப் போகிறேன். போதகர் ஏற்கெனவே தன் காரை வேறு தெருவில் நிறுத்துவதாகக் கேள்வி.

எழுத்து இந்தத் தடவை ஏன் பெரிசு என்றால், இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். கீழே கோணலாக ஓடும் வரி அவருடையது. நான் திருத்தவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் பேசும்போது யார் ஓட்டினார்கள் என்று கேட்காதே, ரோடு எப்படி இருந்தது என்று கேள். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் வா, டாக்டர் அப்படியொன்றும் அவசரம் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அதுவரை ஞாயிறுதோறும் கூப்பிடும்போது நல்ல வெளிச்சத்தில் உட்கார். எங்கள் திரையில் வலது பக்கமாக வருகிற மாதிரி பார்த்துக்கொள். உடனே வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிரு. கடவுள் உன்னைக் காப்பாராக, என் கண்ணே.

அம்மா

*லோவ்ரி, உன் அம்மா ரெண்டாவது கியர்லயே மலை இறங்கறா. இன்ஜின் பாவம். ஆனா ஒரு வளைவுகூட விடல. அப்பா*