ஏழாம் எண் சீசா

அக்கா,

நீங்கள் போன பிறகு உங்கள் அறையை ஒதுக்கிய உங்கள் மகள் நேற்று வந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தாள். "அம்மாவோட ஆபீஸ் காயிதமுங்க சித்தி. எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பாருங்க" என்றாள். மூடியைத் திறந்ததும் கார்பன் தாளின் வாசனை. உள்ளே இருந்த எல்லாவற்றையும் ராத்திரியே படித்துவிட்டேன்.

மேலே இருந்தவை அந்த அட்டைகள். வெளிநாட்டிலிருந்து உங்கள் கட்டுரையின் பிரதி கேட்டு வருமே, அவைதான். நாமக்கல் பக்கத்துக் கிணற்று நீரிலுள்ள உப்பைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை. தபாலில் ஓர் அட்டை வந்தால் அன்று முழுக்க உங்கள் முகம் வெளிச்சமாக இருக்கும். யார் யார் தங்கள் கட்டுரையில் உங்களை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வைப்பீர்கள். "அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை வந்திருக்காது" என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கட்டுரைக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஏழாம் எண் கிணறுதான். சுற்றிலும் உப்புக் கிணறுகள், நடுவில் அது ஒன்றில் மட்டும் நல்ல தண்ணீர். அடிப்பாறை வெடிப்பு வழியாக நல்ல நீர் ஊறுகிறது என்று விளக்கம் எழுதினீர்கள். எழுதும் முன், ஆபீஸ் சோதனைக்குக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்த என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்: "இந்தத் தண்ணிய நீயே கெணத்துல மொண்டயா சாமி?"

"ஆமாக்கா" என்றேன்.

பொய். அன்று சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் கால் கொப்பளித்துவிட்டது. கிணறோ தோட்டத்தின் கடைசியில். அந்த வீட்டம்மா என் கையிலிருந்த சீசாவை வாங்கிக்கொண்டு, "நீங்க நெழல்ல உக்காருங்க சாமி, நான் மொண்டு வாரேன்" என்றார். உட்கார்ந்தேன். வந்த சீசாவில் ஏழு என்று எழுதி ஒட்டினேன்.

கட்டுரை அச்சான பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இனித்தது. "உங்க கெணத்துத் தண்ணியா?" என்றேன்.

"அதெங்கீங்க வாயில வெக்க முடியும்? இது ஆத்துத் தண்ணி. குடிக்கிறதுக்குன்னு மோகனூர்ல இருந்து வண்டியில கொண்டாரோம். அன்னிக்கு உங்க சீசாவுலயும் இதைத்தானுங்க ஊத்துனேன். ஆபீசுல இருந்து வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியக் குடுத்தா நல்லாவாங்க இருக்கும்?"

அடுத்து அவர் கேட்டதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. "எங்க கெணத்துத் தண்ணி வெள்ளாமைக்கு நல்லதுன்னு ஆபீசுல இருந்து நீங்க அனுப்பின கடுதாசிய நம்பி அவரு வாழை வெச்சாருங்க. ஏனுங்க இப்பிடிக் கருகுது?" இலை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றது. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். அன்று பார்த்து உங்கள் கையில் புதிதாக ஓர் அட்டை இருந்தது. என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு சொல்லவே இல்லை.

டப்பாவில் அட்டைகளுக்கு அடியில் நீங்கள் அனுப்பிய பதில்களின் நகல்கள் இருக்கின்றன, அக்கா. முதலில் வந்த சில அட்டைகளுக்கு வெறும் நன்றி. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: 'ஏழாம் எண் கிணற்றின் அளவைப் பயன்படுத்த வேண்டாம். அது கிணற்றில் எடுத்த நீர் அல்ல. தவறு என்னுடையது.' கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வெளியிட்டதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தோட்டத்துக்காரருக்குத் தமிழில் ஒரு கடிதம். அதிலும் தவறு உங்களுடையதாம்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாழையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அந்த அம்மா உங்களிடமும் சொம்பை நீட்டியிருப்பார். அதன் பிறகுதானே, "இனிமே நானும் கூட வாரேன், உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு" என்று என்னோடு பஸ் ஏறத் தொடங்கினீர்கள்? நீங்கள் வாளியை இறக்குவீர்கள், நான் சீசாவைக் கழுவிப் பிடிப்பேன். என் துணைக்கு வருகிறீர்கள் என்றல்லவா இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா. எனக்குக் கோபம்கூட வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை என் மகன் கணினியில் தேடிக் காட்டினான். உங்கள் கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். அண்மையில் வந்த ஒன்றிலும் ஏழாம் எண் கிணறு அப்படியே இருக்கிறது, உங்கள் பெயரோடு. பின்னால் அட்டை எழுதிக் கேட்டவர்களுக்கு உண்மை போய்ச் சேர்ந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

அதனால் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இனி ஒவ்வொருவராகத் தேடி எழுத வேண்டும். முடிகிறவரை எழுதுவேன். உங்கள் வாசகத்தையே வைத்துக்கொண்டேன். கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: 'தண்ணீர் எடுக்கப் போனவள் நான். கிணறுவரை நான் போகவில்லை.'