தோளில் ஒரு தட்டு

ஆவடி
18.08.2024

அன்பு மாமே பால்ராஜுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். போன் போட்டால் உனக்குக் கேட்காது. நீ அனுப்பும் வாட்சப் எழுத்து என் கண்ணுக்கு எட்டுவதில்லை. அதனால்தான் ஸ்கெட்ச் பேனாவில் இந்தக் கொட்டை எழுத்து. நாம் வேலை பார்த்த ராணுவ டாங்கி இன்ஜின் ஷெட் உன் காதைத் தின்றது, சர்க்கரை என் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலைக்காலம் முழுக்க டிபன் பாக்ஸைத் திறந்ததும் உன் ஊர்ப் பாறைக் கடல் கதையைத்தான் பரிமாறினாய். நான் கண்டதெல்லாம் மெரினா மணலும் சுண்டலும். இருக்கிற பார்வை போவதற்குள் அந்தக் கடலைக் காட்டிவிடு. பொங்கல் கழிந்ததும் வருகிறேன். உன் புல்லட்டில் கரையோரமாகவே போவோம். பேச்சுக்கு நம் ஷெட் பாஷை போதும்: தோளில் ஒரு தட்டு என்றால் 'போகலாம்', இரண்டு தட்டு என்றால் 'நிறுத்து'.

என் வீட்டுக்காரி தாயம்மாள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "காது கேக்காதது ஓட்டுமாம், கண்ணு தெரியாதது பின்னாடி குந்திகினு போவுமாம். நல்லா கீது கத!"

உன்
கோவிந்தராஜ்

முட்டம்
09.02.2025

அன்பு கோவிந்தா,

வீடு சேர்ந்த செய்தி கிடைத்தது. இதைத் தங்கச்சி தாயம்மாள் உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முட்டத்தில் லைட் ஹவுஸைக் காட்டினேன், நீ எதிர்ப்பக்கம் பார்த்துத் தலையாட்டினாய். வெயில் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். செம்மண் மேட்டில், கறுத்த பாறைகளுக்கு மேலே, வண்டியை மெதுவாக விட்டேன். நீ நிறுத்தவே சொல்லவில்லை. கடியபட்டணம் தாண்டி, கடலை முழுக்க மறைத்துக் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கும் இடத்தில் இரண்டு தட்டு தட்டினாய். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. திரும்பினால், சுவருக்கு அப்பால் அலை அறைவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். நீ இமைக்கவில்லை.

எப்போதடா போயிற்று? நான் ஏமாந்துபோவேன் என்றா மறைத்தாய்? சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பேனே! நீ ஒரு தட்டு தட்டும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை, கவனித்தாயா? வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஆனி மாதம் மறுபடி வா. அப்போது கடல் பாறைமேல் ஏறும். உனக்கு நன்றாகக் கேட்கும்.

உன்
பால்ராஜ்

ஆவடி
27.05.2025

பால்ராஜ் அண்ணனுக்குத் தாயம்மாள் எழுதுவது.

உங்கள் கூட்டாளி வெள்ளிக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். மாரடைப்பு. மெசேஜில் போட எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கடிதத்தை அடிக்கடி வாசிக்கச் சொல்வார். நீங்கள் திட்டும் இடம் வந்தால், "அத்த இன்னொரு தபா படி" என்பார். ஆனி மாதத்துக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் என்மேல் சாய்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. கையைத் தூக்கி என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

இன்னொரு தட்டு வரும் என்று காத்திருந்தேன் அண்ணா. வரவில்லை.

தங்கச்சி
தாயம்மாள்