குறைந்துகொண்டே வந்த மணல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா நம்புகிறாராம் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் நீ சீமாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கும்போதெல்லாம் நான் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டேன், அவளும் நீங்கள் செய்த காரியத்தை நீங்களே சொல்லுங்கள் என்று வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பதறாதே, உன் குதிரை திமிர் குறையாமல் என் சட்டைப் பையைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கால்தான் கொஞ்சம்.

அவள் பின்னங்கால் நரம்புக்குச் சேற்றுத் தரையும் ஆகாது, கட்டாந்தரையும் ஆகாது, மெத்தென்று சமமாக இருக்கும் இடத்தில் ஆறு வாரம் நடக்கவிட்டால் நீ லீவில் வரும்போது ஏறி உட்காரலாம், இல்லாவிட்டால் அவளைக் கட்டிவைத்து அழகு பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் சவாரித் தளத்தையே புதிதாகப் போட்டோம். அடியில் ஜல்லி, அதன்மேல் கெட்டித் துணி, அதற்குமேல் நார் கலந்த மணல். போட்டவர் எதைச் சொன்னாலும் ஆகட்டும் சார் என்பார், அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே நான் பெயர் வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனை எப்படியம்மா நம்புவது? தினமும் தண்ணீர் காட்டி ரோலர் உருட்ட வேண்டுமாம், குதிரையை நடக்க மட்டும் விட வேண்டுமாம், அதுவும் போன தடத்திலேயே போகாமல் மாற்றி மாற்றி. நீங்கள் அதைத் தொந்தரவு செய்யாமல் இருந்தாலே போதும், தானாக உட்காரும் என்றார். தொடாதே என்று ஒருவன் சொன்னால் அங்கே என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு இரும்புக் கம்பியைக் கூராக்கிக்கொண்டேன். வேலை முடிந்த அன்று தளத்தின் வாசல் பக்கம் குத்திப் பார்த்தேன், எட்டு விரல் மணல் இருந்தது, பேசினபடிதான். நாலு நாள் கழித்து அதே இடத்தில் ஏழரை. அடுத்த வாரம் ஏழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அள்ளுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆகட்டும் அனுப்பி ரோலர் உருட்ட வரும் ஆட்களைத் திரும்பிப் போகும்போது காலணியை உதறிவிட்டுப் போகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பூந்தொட்டி வாங்கினார், அதற்குள் என்ன மண் என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். லாடம் அடிக்கிறவர், உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த மனிதர், அவர் வண்டியின் பின்பக்கத்தைக்கூட ஏதோ தேடுகிற சாக்கில் திறந்து பார்த்தேன். அவர் கண்டுகொண்டார், அன்றைக்குக் காபி குடிக்காமல் போய்விட்டார். உலகத்திலேயே மணலை எண்ணிவைத்துக் காவல் காக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று உன் அம்மா தன் அக்கா தங்கை எல்லோருக்கும் போன் போட்டுச் சிரித்தாள். நான் விடவில்லை, ஆழம் குறையக் குறையக் கம்பியை இன்னும் அழுத்தி, திருகித் திருகிக் குத்தினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன், வாசலிலேயே ஒரு கல்லை மிதித்துக் காலைத் தூக்கிவிட்டாள். மணலுக்கு நடுவில் ஜல்லி எப்படி வரும்? எனக்கு ஒரு பக்கம் வேதனை, ஒரு பக்கம், பொய் சொல்லக்கூடாது, பிடித்துவிட்டேன் கள்ளனை என்று சந்தோஷம். ஆகட்டும் சாரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் மண்டியிட்டுக் கையாலேயே மணலை ஒதுக்கினார், அடியில் இருந்த துணியைத் தூக்கிக் காட்டினார். சல்லடை மாதிரி இருந்தது. “இது நான் விட்ட ஓட்டை இல்ல சார், கம்பி போட்ட ஓட்டை. துணி கிழிஞ்சா கல்லு மேல ஏறத்தான் செய்யும். மணல யாரும் அள்ளல, அது உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான்” என்றார். அம்மாடி, உட்காருகிற மணல் குறையாமல் என்ன செய்யும்? இத்தனை வருடம் குதிரையோடு இருந்தவனுக்கு இது தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் ஆகட்டும் சார் என்றார். அந்த இடத்தில் துணியை மாற்றிப் போட்டுவிட்டார், மறுபடி முதல் நாளிலிருந்து தண்ணீர், ரோலர் எல்லாம். உன் குதிரைக்கு உள்ளங்குளம்பில் அடி, நரம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று வாரம் நடக்கக்கூடாது என்கிறார் டாக்டர். நீ வரும்போது அவள் மேல் ஏற முடியாது. உன் லீவைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தொண்டையில் முள்ளாக நிற்கும். உன் அறையில் கூட இருக்கும் பெண்ணின் நம்பரை அம்மா போனிலிருந்து எடுத்து மூன்று முறை அவளிடம் பேசினேன். நீ சாப்பிடுகிறாயா, வேலையில் யாராவது படுத்துகிறார்களா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டேன். பாவம், நீ என்னிடம் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அவளிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல், நம்பரை அழித்துவிட்டேன். இனிமேல் நீ நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நன்றாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்வேன். நன்றாக இல்லாத அன்றைக்கு அதையும் நீயே என்னிடம் சொல், அம்மாடி.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, குறையொன்றும் இல்லாமல் இரு. டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே, குதிரை இல்லாவிட்டாலும் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன்மேல் என்றைக்கும் பாசம் குறையாத,
அப்பா