முன்சக்கரப் பூட்டு

அன்புள்ள என்னங்க,

ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசுவதில்லையாமே? எடுத்துவிட்ட இடது காலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஜீப்பைப் பற்றி எழுதுகிறேன், படியுங்கள்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இனி இதை யாரு ஓட்டப்போறாங்க, அக்கா? இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்" என்றார். நான் முறைத்த முறைப்பில் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். துரு சுரண்டியது நான்.

சேற்றில் மாட்டினால், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, இறங்கி இரண்டு பக்க முன்சக்கரப் பூட்டையும் திருகுவது எப்போதும் நீங்கள்தான். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குறை சொல்வேன். நேற்று மெக்கானிக்கோடு ஓட்டிப் பார்க்கப் போய்ச் சேற்றில் மாட்டியபோது நானே இறங்கினேன். ஒரு பக்கம் மட்டும் திருகிவிட்டு ஏறிவிட்டேன், வண்டி அசையவில்லை. மெக்கானிக் சிரித்தார். மறுபடி இறங்கி அடுத்த பக்கமும் திருகினேன், வண்டி ஏறி வந்துவிட்டது.

இனி இறங்குவது நான். குறை சொல்வது நீங்கள். ஆனால் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். கிளட்சை மிதிக்க வேண்டாம். கியர்த் தண்டிலேயே அதற்குக் கைப்பிடி வைத்தாயிற்று.

உங்கள்
'இந்தாம்மா'