சீசாவுக்குள் இறால்

கார்த்திகை, புதன் இரவு

இறால் தின்றால் என் மனைவி செல்விக்குத் தொண்டை வீங்கும். இன்று கடலோர மாற்றுச் சிகிச்சை நிலையத்தில், அந்த ஒவ்வாமையைப் போக்குவதாகச் சொல்லி, இறால் சாறு இருந்த சிறு சீசாவை அவள் கையில் கொடுத்து முதுகை விரலால் அழுத்தினார்கள். அலைச் சத்தத்தில் தூங்கியே போனாள். விழித்ததும், பத்திரிகையில் வேலை பார்க்கும் என்னிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

"இன்னா பேப்பர்காரரே, அரிக்கவேயில்ல பாத்தியா? எல்லாம் போயிடுச்சி."

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "நாளைக்கு எறா எடுத்துகினு வாடா."

குப்பத்தில் பிறந்து, சிறு வயதிலிருந்து இறால் உரித்த கை அது. ஒருநாளும் அரித்ததில்லை. தின்றால்தான் வீங்கும். அவள் சிரித்த சிரிப்பில் அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கையை மூடியபடி தூங்குகிறாள், சீசா இன்னும் உள்ளே இருப்பதுபோல். ஜன்னல் வழியே உப்புக் காற்று வருகிறது. அவள் தம்பியிடம், நாளைக்கு நெத்திலி போதும் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் தொண்டை கிழியத் திட்டுவாள். திட்டட்டும்.