இயற்பியலில் அறுபது

ஜூன் 3

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "வலிக்குமாம்மா?" என்பவர்களிடம் "வலிக்காதுங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. வலிக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள். அவளுக்கு யார் சொன்னார்களோ.

உள்ளே இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன்களுக்கெல்லாம் தலைவி ஒருவர். எல்லாரும் சீஃப் என்போம். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று இன்று அவரிடம் கேட்டே விட்டேன்.

"பட்டப்படிப்பு. சேரணும்னா பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்ல அறுபது வேணும். நீ என்ன படிச்சே?"

வரலாறு. மன்னர்கள் வரிசையாகச் செத்ததைப் படித்தேன்.

"அப்ப இயற்பியலை மட்டும் தனியா எழுது. வயசு ஒரு தடை இல்ல."

போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். நான் டோக்கன் சீட்டின் பின்பக்கம் 'இயற்பியல், அறுபது' என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 5

வீட்டில் சொன்னேன். "மகளும் இந்த வருஷம் பன்னிரண்டுதானே, ஒரே புத்தகம் போதும்" என்றார் கணவர். மனுஷனின் கவலை அவ்வளவுதான்.

ஜூலை 20

மகள் வாத்தியாராகிவிட்டாள். "இதுகூடத் தெரியாதாம்மா?" — ஒன்றாம் வகுப்பில் நான் அவளைக் கேட்ட அதே குரல். வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறாள்.

செப்டம்பர் 11

அதிர்வெண். அலைநீளம். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?

நவம்பர் 18

சிகிச்சை அறையில் ஒரு வாரம் கூட இருந்து பார்த்ததாக சீஃப் சான்று தந்தால்தான் கல்லூரியில் விண்ணப்பத்தையே வாங்குவார்களாம். இன்று முதல் நாள். மானம் கப்பலேறிய நாள்.

ஒரு லாரி ஓட்டுநருக்கு சிகிச்சை. அவர் தோலில் வைத்த புள்ளிகள்மேல் லேசர் கோடு விழும்வரை அவரை இம்மி இம்மியாக நகர்த்திப் படுக்க வைத்தார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து, கனத்த கதவை மூடி, திரையில் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசுவது வழக்கம். சீஃப் மைக்கை என்னிடம் தந்து, "அசையாம இருங்கன்னு சொல்லு" என்றார்.

மைக்கைக் கண்டதும், மேசையில் நோயாளிகளை அழைக்கும் பழக்கத்தில், என் வாய் அது பாட்டுக்குப் பேசிவிட்டது. "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திரையில் செருப்பைத் தேடுகிறார்.

நல்லவேளை, கதிர் இன்னும் பாயவில்லை. சீஃப் உள்ளே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்கு நீ வர வேணாம்" என்று மட்டும் சொன்னார். சான்று போச்சு. படிப்பும் போச்சு. பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 19

வெட்கத்தை விட்டுப் போய் வாசலில் நின்றேன். சீஃப் என்னைப் பார்க்காத மாதிரி நடந்தார். அன்றன்றைய சிகிச்சைக்கு வந்திருந்த ஓட்டுநர்தான் பார்த்துவிட்டார்.

"நேத்து சீக்கிரமே விட்டுட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன்மா" என்றார். பிறகு சீஃபிடம், "மைக்கை இவங்ககிட்டயே குடுங்க. உள்ள தனியாப் படுத்திருக்கப்ப பயம் தெரியக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருப்பேன். நேத்துதான் சிரிச்சேன்."

சீஃப் என் பக்கம் மைக்கைத் தள்ளினார். "அசையாம இருங்க" என்று சரியாகச் சொன்னேன்.

நவம்பர் 24

சான்று கிடைத்துவிட்டது.

மார்ச் 14

தேர்வு முடிந்தது. பக்கத்து மேசைப் பையன் என்னிடம் கூடுதல் தாள் கேட்டான். கண்காணிப்பாளர் என்று நினைத்திருக்கிறான்.

மே 9

மகள் தொண்ணூற்றொன்று. நான் ஐம்பத்தேழு.

அவளுக்கு பிசியோதெரபிதான் வேணுமாம், அதற்கு உயிரியல்தான் முக்கியமாம். இயற்பியலில் இத்தனை மார்க்கை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்? மூன்றே மூன்றை எனக்குத் தரக்கூடாதா? பெற்ற பெண்மேல் பொறாமைப்படுகிறேன். அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் படுகிறேன்.

மே 10

ஜூலையில் மறுதேர்வாம். பணம் கட்டிவிட்டு வந்து என் முன்னால் புத்தகத்தைப் போட்டது கணவர்.

செப்டம்பர் 2

மறுதேர்வில் சரியாக அறுபது. இன்று கல்லூரியில் முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் வணக்கம் சொல்லி, உட்காரச் சொல்லிவிட்டு, போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.