ஏழு வரி, ஐந்து ழ

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். சைக்கிள் சீட் நனைந்து யூனிஃபார்மும் ஈரம்.

தமிழ் டீச்சர் புதுப் பாட்டு நடத்தினார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. ஏழே வரி. ஒரு கழனி, வரப்பில் ஒரு நண்டு வளை, வீடு திரும்பாத கணவனை நினைத்துக்கொண்டு ஒருத்தி. அவ்வளவுதான். எழுதியவர் பெயர் கிடைக்கவில்லையாம். பெயர் போய்விட்டது, நண்டு இருக்கிறது! கணக்குப் பீரியட் முழுக்க இதே நினைப்பு.

காஞ்சிபுரத்தில் ஒப்பித்தல் போட்டி. பத்தாவதில் ஒருவர்தான் போகலாம். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒப்பித்து, பொருளும் சொல்ல வேண்டும். நான் போக வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

சிக்கல்: ஏழு வரியில் ஐந்து ழ. எனக்கு ழ வராது, ய தான் வரும். ஷர்மிளாவுக்கு வரும். அவள் அப்பாவுக்கு இங்கே மாற்றலாகி, ஜூனில்தான் நாகர்கோவிலிலிருந்து வந்தாள்.

பக்கத்து சீட் ரேவதி: "வாயப்பயம் துன்ற வாயிடி நம்புளுது. உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

7, செவ்வாய்

நாக்கை மடித்து ழ. கண்ணாடி முன்னால் நாற்பது தடவை. அம்மா: "இன்னாடி, நாக்குல புண்ணா?"

இப்போது எல்லாவற்றிலும் ழ வருகிறது, குளத்தில்கூட. "கொழத்துல தண்ணி ஏறிடுச்சு நைனா" என்றேன். "கொயம்புலயா?" என்று சட்டியை எட்டிப் பார்த்தார்.

மனப்பாடம்: அருஞ்சொற்பொருள். கழனி – வயல். பத்து தடவை எழுதினேன்.

வேகவைத்த வேர்க்கடலை, சூடாக. மடியில் தோல், கையில் பாட்டு. உப்புத் தண்ணீர் பட்டு நோட்டில் 'நண்டு' மட்டும் கலைந்துவிட்டது. போய் ஒளிந்துகொண்டது போல.

9, வியாழன்

வெயில். பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு பவுனக்கா, "உங்கம்மா கயினில கீதுடி. நட்டுக்கினு கீது" என்றார். சாவி வாங்கப் போனேன்.

பாதி வழியில் நின்றுவிட்டேன்.

கயினி. கழனி.

பிறந்ததிலிருந்து சொல்லும் வார்த்தை. அதைத்தான் கடினமான சொல் என்று பத்து தடவை எழுதியிருக்கிறேன்! வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஒருவருக்கும் தெரியவில்லை. கயினி என்றால் கொச்சை என்று கட்டுரையில் எல்லாம் 'வயல்' என்றே எழுதி வந்தேன்.

இரண்டாயிரம் வருஷம். அந்தப் பெயர் தெரியாதவர் வாயிலிருந்து பவுனக்கா வாய் வரைக்கும். சாவி வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

10, வெள்ளி

ஷர்மிளா முதலில். ஒரு ழ கூடத் தவறவில்லை. நல்ல குரல் வேறு, பொய் சொல்லக் கூடாது.

அடுத்து நான். நான்கு ழ வந்தது. கடைசி வரியில் கழனி. கயினி என்று விழுந்தது. ஒரே சிரிப்பு. பின் பெஞ்சிலிருந்து, "ஏ, நடவுக்கா போற?"

தமிழ் டீச்சர் மேசையைத் தட்டினார். "பொருள் சொல்லு."

ஒப்பித்து வைத்தது எல்லாம் போய்விட்டது. "கயினின்னா கயினிதான் டீச்சர். எங்கம்மா இப்ப அங்கதான் நட்டுக்கினு கீறாங்க. பாட்டுல வர்றது அதே கயினி டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. த.டீ. புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே. பள்ளிக்குப் பின்னால் முழுக்கக் கழனிதான். "எட்டு வருஷமா இந்தப் பாட்ட நடத்துறேன்" என்றார்.

ஷ. போகிறாள். போட்டியில் உச்சரிப்புக்குத்தான் மார்க், அது நியாயம். சைக்கிள் ஷெட்டில் அழுதேன். ரேவதி தேன்மிட்டாய் தந்தாள். அழுதுகொண்டே தின்றாலும் தேன்மிட்டாய் தேன்மிட்டாய்தான்.

12, ஞாயிறு

மேகம். ஷ. வீட்டுக்கே வந்துவிட்டாள்!

"நாங்க டவுன்ல இருந்தோம் கேட்டியா. நண்டு வளைய நான் பாத்ததே இல்ல. பாக்காம எப்பிடிச் சொல்ல?"

கூட்டிப் போனேன். வரப்பில் உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. பக்கவாட்டில் ஓடி, சேற்றில் கோடு போட்டு, வளைக்குள். பாட்டில் இருப்பது போலவே. பாட்டு எழுதியவரும் இப்படித்தான் ஒரு வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஷ. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா நாற்றுக் கட்டோடு அந்தப் பக்கம் வர, ஷ. சொன்னாள்: "உங்க கழனி ரொம்ப அழகா இருக்கும்மா."

"எங்குளுது இல்ல கண்ணு, கூலிக்கு நடறோம். ஆனா கயினின்னு சொல்லு. இல்லாங்காட்டி வயுக்கிடும்."

எழுந்தாள், வழுக்கினாள். முழங்கால் வரை சேறு. அம்மாவோடு நட வந்திருந்த பவுனக்கா சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் 'கயினி' என்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. நாக்கு தானாக ழவுக்குப் போய்விடுகிறது. கண்ணாடி முன்னால் நாற்பது தடவை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.